சோதித்தவர் எண் நான்கு

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இருப்பவரை எல்லோரும் டைப்பிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். நான் இரண்டாவது மாடி. எனக்கு வேலை இல்லாத பகல்களில் மேலே போய் அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தட்டி முடிக்கும்வரை பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். இங்கே எழுதுவதெல்லாம் அப்படி உட்கார்ந்து அவர் வாயால் கேட்டதும், கடைசிப் பகுதி நான் கூட இருந்து பார்த்ததும்.

பிறர் பேசியதை எழுத்தாக்கித் தருவதுதான் அக்காவின் வேலை. இருபது வருஷம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர், ஆபீஸ் மூடிய பிறகு இதில் இறங்கினார். காதில் ஹெட்போன். காலடியில் தையல் மிஷின் மிதி மாதிரி ஒரு பெடல். மிதித்தால் ஒலிப்பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் நாலு வினாடி பின்னால் போகும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத அக்காவுக்கு நாலு மணி நேரம் ஆகும். ஒரு வார்த்தை விடக்கூடாது, ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. பேசுகிறவர் இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல். அழுதால் அழுகை. சரியாகக் காதில் விழாவிட்டால் 'தெளிவில்லை' என்று போட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிவி சேனல் கம்பெனிகள் செய்த மோசடிகளைப் பற்றி ஆறு பகுதி ஆவணத் தொடர் ஒன்று எடுத்தது. ஒரு பகுதிக்கு ஒரு கம்பெனி. வீடு கட்டாமலே வீடு விற்றவர்கள், இல்லாத ஆட்களைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தவர்கள், காலாவதியான பால் பவுடருக்குப் புதுத் தேதி ஒட்டியவர்கள். தொடருக்காக எடுத்த பேட்டிகள் எல்லாம் அக்காவிடம் வந்தன. முப்பது மணி நேரம் பேசுவார்கள், முக்கால் மணி நேரம்தான் டிவியில் வரும். மீதியையெல்லாம் கேட்டவர் அக்கா ஒருத்தர்தான்.

"பெரிய பதவியில இருந்தவங்க 'அதாவது'ன்னு ஆரம்பிச்சா, அடுத்து வர்றது பொய்னு காலை எடுக்காமலே சொல்லிடுவேன்" என்பார். "ஒருத்தர் ஒரு மணி நேரத்துல நாப்பத்தோரு 'அதாவது' சொன்னார். எண்ணிட்டேன். அத்தனையும் தட்டி என் விரல்தான் தேஞ்சு போச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

நாலாவது பகுதிக்கான கோப்புகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தன. திறந்ததுமே கம்பெனி பெயர் தெரிந்தது. ஒரு ஹெல்மெட் தொழிற்சாலை. அக்காவின் கணவர் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடம்.

அவர் இறந்து அப்போது நாலு வருஷம். நான் அவரோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நமக்கு வழிவிடுவார். வாயில் விரலை விட்டாலும் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று அக்காவே கிண்டல் செய்வார். தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலை. ஐம்பத்திரண்டு வயதில் ஆள்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கட்டிடத்தில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும் ஏணியோடு வருவார். ஒருநாள் காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அந்தக் கம்பெனி ஏதோ சிக்கலில் மாட்டியிருக்கிறது என்பது அக்காவுக்கு அரசல்புரசலாகத் தெரியும். ஹெல்மெட் போட்டும் தலையில் அடிபட்டுச் சிலர் இறந்ததாகப் பேப்பரில் வந்திருந்தது. கணவர் போன பிறகு வெளிவந்த விஷயம் என்பதால், தனக்கும் அதற்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று இருந்துவிட்டார். வேலை கொடுத்தவர்களிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாராம். சொன்னால் கோப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சொல்லவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் கோப்பில் பேசியவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டார். குரலில் களைப்பு.

"அதாவது, ஒவ்வொரு பெட்டியிலேருந்தும் ஒரு ஹெல்மெட்டை எடுத்து இரும்புத் தலையில மாட்டி, ரெண்டு ஆள் உயரத்துலேருந்து இரும்புக் கட்டை மேல போடணும். மீட்டர்ல ஒரு எண் வரும். எல்லைக்குள்ள இருந்தா பாஸ். நாங்க உள்ள வைக்கிற ஃபோம் நுரையை மாத்தினோம். மலிவு நுரை. அதுக்கப்புறம் எதைப் போட்டாலும் ஃபெயில்."

"அப்போ எப்படிக் கடைக்கு வந்துச்சு?" இது பேட்டி எடுத்தவர்.

"நூறு பெட்டிக்கு மூணு போட்டா போதும்னு மேலேயிருந்து உத்தரவு. அந்த மூணுலயும் பழைய நுரை. மீதி தொண்ணூத்தேழுக்கும் எண்ணை எழுதிக்க வேண்டியதுதான்."

"யார் எழுதினது?"

"டெஸ்ட் ரூம்ல ஒருத்தர் இருந்தார். நாலாம் நம்பர். நல்ல மனுஷன். முதல்ல எழுதமாட்டேன்னுட்டார். ரெண்டு வாரம் ரூம்ல சும்மாவே உட்கார்ந்திருந்தார். அப்புறம் நான் கூப்பிட்டு, பொண்ணு காலேஜ் சேரப் போகுதாமே, இந்த நேரத்துல வேலை போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். நான்தான் கேட்டேன். மறுநாளிலேருந்து எழுதினார்." தண்ணீர் குடிக்கும் சத்தம். "கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அது எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. அவ்வளவு அழகா எழுதின நோட்டைப் பார்த்தா, ஆய்வுக்கு வர்றவங்களுக்குச் சந்தேகமே வராது."

அக்கா பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். இந்த முறை 'அதாவது'வுக்குப் பின்னால் வந்தது பொய் இல்லை. சோதனை அறைக்காரர்களுக்கு ஒரு நீலக் கோட்டு உண்டு. அதன் மேல்பையில் வெள்ளை நூலால் எண் தைத்திருக்கும். பதினெட்டு வருஷம் அந்தக் கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டவர் அக்கா. நாலு.

அப்போதுதான் வேறு ஒன்று அவருக்கு உறைத்தது. ஊழியர்களுக்கு வருஷா வருஷம் கம்பெனி இரண்டு ஹெல்மெட் இலவசமாகக் கொடுக்கும். கணவர் அவற்றை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டுவிட்டு, மகள் ஸ்கூட்டர் ஓட்ட ஆரம்பித்ததும் கடைக்குப் போய் வேறு கம்பெனி ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கி வந்தார். "பிஸ்கட் கம்பெனியில வேலை பார்த்துட்டு பிஸ்கட்டைக் கடையில வாங்கற ஆள் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்று அக்கா சத்தம் போட்டார். அவர் மகளின் தலையில் அதை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அலமாரியில் சும்மா கிடந்ததில் ஒன்றை அக்கா தன் தம்பிக்குக் கொடுத்தார். தம்பிக்கு செல்போன் ரிப்பேர் கடை, பைக்கில் அலைகிற தொழில். கொடுத்த இரண்டாம் நாள் கணவர் கடைக்கே போய், பைக் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "இது வேற ஒருத்தருக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். தம்பிக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. மறுவாரம் கணவர் புது ஹெல்மெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தும் அவன் தொடவில்லை. உப்புப் பெறாத விஷயம், ஒன்பது வருஷப் பகையாகிவிட்டது. அவர் சாவுக்கு வந்தபோதும் அவன் வாசலோடு நின்றுவிட்டுப் போனான்.

இத்தனை நாளும் கணவரின் கஞ்சத்தனம் என்றே அக்கா நினைத்திருந்தார்.

இரண்டாவது கோப்பு ஒரு தாயின் பேட்டி. மகன் வேலைக்குப் போகிற வழியில், எந்த வண்டியும் மோதாமல், ஈரத்தில் சறுக்கி விழுந்திருக்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் எழுந்துவிடுவான் என்றே நினைத்தார்களாம். அந்த அம்மா உடைந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்: "சோதித்தவர் எண், நாலு."

பிறகு அவராகவே சொல்கிறார்: "இந்த நாலுங்கிறவர் யாருன்னு தெரியணும். திட்டறதுக்கு இல்லீங்க. இதைக் கையில எடுத்துப் பார்த்தாரா இல்லையான்னு மட்டும் கேட்கணும்."

அந்த இடத்தில் அக்கா 'தெளிவில்லை' என்று தட்டினார். முதல் கோப்பைத் திறந்து மேலாளர் பேச்சிலும் நாலாம் நம்பர் வருகிற வரிகளை அழித்துவிட்டு, அதே வார்த்தையைத் தட்டினார். யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுந்து போய் டீ போட்டார். குடிக்காமல் அதைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, இரண்டு இடத்திலும் இருந்ததை இருந்தபடியே திரும்பத் தட்டினார்.

"நல்லவளா இருக்கணும்னு இல்ல" என்று பிறகு என்னிடம் சொன்னார். "ஒருத்தர் எண்ணை மாத்தி எழுதினார். நானும் உட்கார்ந்து அதையே பண்ணிட்டிருந்தேன். கை கூசிடுச்சு."

அன்று சாயங்காலம் மகள் வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா சொல்லிவிட்டார். மகள் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எழுதாம விட்டிருக்கலாம்ல? ஆளே போயாச்சு. இப்போ எதுக்கும்மா அப்பாவை இழுக்கற?"

"நான் இழுக்கலடி. அவங்க சொன்னதை எழுதினேன்."

"அந்த ஆள் சொன்னது என் காலேஜைத்தானே? அப்போ என்னாலதானா?"

அக்கா கிட்டே போய் அவள் தோளில் கை வைத்தார். மகள் திரும்பவும் கேட்டாள். "அந்த ரெண்டு வாரம் அப்பா எப்படிம்மா இருந்தார்? வீட்டுல எதுவும் சொல்லலியா? சாப்பிட்டாரா? தூங்கினாரா?"

அக்கா யோசித்துப் பார்த்தார். அந்த வருஷம் நினைவிருக்கிறது. மகள் பரீட்சை எழுதியது, குளிர்சாதனப் பெட்டி மாற்றியது, மழையில் சன்னல் கதவு உடைந்தது எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு மனுஷன் வேலையிடத்தில் இரண்டு வாரம் தன்னந்தனியாக முடியாது என்று உட்கார்ந்திருந்தது மட்டும், எந்த இரண்டு வாரம் என்றே தெரியவில்லை. காலையில் போயிருப்பார், சாயங்காலம் வந்திருப்பார், தட்டைக் கழுவி வைத்திருப்பார்.

"ஞாபகம் இல்லடி" என்றார்.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். சண்டை என்று எதுவும் இல்லை. தினம் போக வர நேரமாகிறது என்றாள்.

எழுதிய கோப்புகளை அனுப்பும்போது அக்கா தொடரின் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டார். துடிப்பான பெண், அக்காவிடம் மரியாதை உள்ளவள். "நாலாம் நம்பர் என் வீட்டுக்காரர்மா" என்றார். அவள் மெதுவாகக் கேட்டாள், "மேடம், நீங்க பேசறீங்களா? முகம் தெரியாம எடுத்துக்கறோம்."

மூன்று நாள் கழித்து அக்கா சம்மதித்தார். அவர் வீட்டுக் கூடத்திலேயே திரையைப் போட்டு, சன்னலை மூடி எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் பேசினார். கணவர் எழுதினார் என்பதை மறைக்கவில்லை. யார் எழுத வைத்தது, எதைச் சொல்லி எழுத வைத்தது என்பதையும் விடவில்லை. ஹெல்மெட் கதையையும் சொன்னார்.

டிவியில் வருவதற்குள் தம்பி காதில் தானே போட்டுவிட வேண்டும் என்று அவன் கடைக்குப் போனார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அக்கா படியேறி வருவதைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டு எழுந்து நின்றானாம். எல்லாவற்றையும் கேட்டான்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. இது சரியில்ல, போடாதேன்னு. நான் என்ன ஊரைக் கூட்டியிருப்பேனா?"

"கூட்டியிருப்படா."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அவரை எப்படியெல்லாம் பேசியிருக்கேன்" என்றான். சற்று நேரம் கழித்து அவனே, "சரி, எனக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிட்டார். கடையில வாங்கினவங்ககிட்டேருந்து யார் வாங்கறது?" என்றான். குத்திக் காட்டச் சொன்னதில்லை. அவனுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது, சொல்லிவிட்டான். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

நாலாவது பகுதி ஒளிபரப்பான அன்று நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மகள் வரவில்லை. நாற்பத்தெட்டு நிமிஷத்தில் அக்காவின் பேச்சு பதினாலு வினாடி. இருட்டில் ஓர் உருவம், மாற்றிய குரல்: "என் கணவர் வீட்டுக்கு வேற கம்பெனி ஹெல்மெட்தான் வாங்குவார். அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு." அவ்வளவுதான். மேலாளர் நாலாம் நம்பரைப் பற்றிச் சொன்னது வந்தது, கையெழுத்து அழகாக இருக்கும் என்றது வந்தது. மேலேயிருந்து உத்தரவு என்றதும், 'நான்தான் கேட்டேன்' என்றதும் வரவில்லை. வழக்குப் போடுவோம் என்று கம்பெனி மிரட்டியதால், சேனலின் வக்கீல்கள் அந்த வரிகளை வெட்டச் சொல்லிவிட்டார்களாம்.

அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்தது. "நான் சொன்னதைத்தான் போட்டிருக்காங்க. ஆனா நான் சொன்னது இது இல்லியே" என்றார்.

மறுநாள் கம்பெனி அறிக்கை விட்டது. சோதனை அறையில் இருந்த, இன்று உயிரோடு இல்லாத ஓர் ஊழியரின் தனிப்பட்ட தவறு இது என்றும், அவர் குடும்பத்தினரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றும், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்றும். செத்தவர் தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டார்கள். அதற்கான கயிற்றை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று அக்கா ஒரு வாரம் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் போனில் அழுதாள். அவள் கையில் எதுவும் இல்லை. அடுத்த தொடருக்கான வேலை வந்தது, அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

மகனை இழந்த அந்த அம்மா மட்டும் விடவில்லை. கம்பெனி மேல் வழக்குத் தொடுத்து, வெட்டாத பேட்டிகளைக் கேட்டுச் சேனல் மேல் மனு போட்டார். சேனல் தர மறுத்தது. அப்போது அவர் வக்கீலுக்கு ஒரு யோசனை வந்தது. பேட்டியை முழுசாகக் கேட்டு எழுதியவர் ஒருத்தர் இருப்பாரே, அவரைக் கூப்பிடலாம். இப்படித்தான் அக்காவுக்குச் சம்மன் வந்தது. வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம், அக்காவிடம் மிச்சம் இருந்தது ஞாபகம் மட்டும்தான்.

நான் துணைக்குப் போனேன். நீதிமன்ற நடையில் ஒரு பெஞ்சு. அதில் பச்சைச் சேலை கட்டிய ஒல்லியான பெண் ஒருவர் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறந்து, மணி என்ன என்று யாரையோ கேட்டதும் அக்கா நின்றுவிட்டார். முகத்தை அதுவரை பார்த்ததில்லை. குரலைத் தெரியும்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, தான் யார் என்று சொன்னார். அந்த அம்மா நகரவும் இல்லை, கத்தவும் இல்லை. பையைத் திறந்து உள்ளே இருந்த உடைந்த ஹெல்மெட்டைப் பார்த்து, மூடினார்.

"கையில எடுத்துப் பார்த்தாராங்க?"

"இல்லம்மா. எடுத்திருக்க மாட்டார். நூறு பெட்டிக்கு மூணுதான் எடுத்தாங்க."

"அப்படியா" என்றார் அந்த அம்மா. உள்ளே கூப்பிடும்வரை இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே அக்கா கூண்டில் ஏறி, மேலாளர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். நாலாம் நம்பர் எழுதியது, அதற்கு முன்னால் எழுதாமல் இருந்தது, மேலேயிருந்து வந்த உத்தரவு, 'நான்தான் கேட்டேன்' எல்லாவற்றையும் அந்த ஆள் சொன்ன வரிசையிலேயே சொன்னார். நீதிபதிக்குக் கீழே ஒரு பெண் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, அவள் விரல் ஓய்ந்த பிறகே அடுத்ததற்குப் போனார்.

"கொஞ்சம் வேகமா சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"அவங்க எழுதி முடிக்கட்டும் ஐயா."

கம்பெனி வக்கீல் எழுந்து, சாட்சியின் ஞாபகத்தைத் தவிர இதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இறந்துபோன கணவரின் பெயரைக் காப்பாற்ற ஒரு மனைவி எதையும் சொல்வாள் என்றார். அக்கா அவரைப் பார்த்து, "பேரைக் காப்பாத்தறதுன்னா, அவர் எழுதினார்னே நான் சொல்லியிருக்க மாட்டேனே" என்றார். அதுவும் பதிவானது.

பேட்டியை முழுசாகக் கொண்டுவந்து கொடுக்கும்படி நீதிபதி சேனலுக்கு உத்தரவு போட்டார். சேனல் மேல்முறையீடு செய்தது. அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் ஹெல்மெட் விற்கிறது. மேலாளர் வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறாராம்.

அக்கா இப்போது கல்லூரிப் பேராசிரியர்களின் வகுப்புகளை எழுதித் தருகிறார். மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், சாப்பிடுகிறாள், அப்பாவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. விசாரணை நாளில் அந்த அம்மா நீதிமன்றத்திலிருந்து போன் செய்வார். "இன்னிக்கும் தள்ளி வெச்சிட்டாங்க" என்பார். அக்கா அடுத்த தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்வார். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் இரண்டு பேரும் உடனே போனை வைப்பதில்லை.

போன வாரமும் தள்ளி வைத்துவிட்டார்கள்.